லோக்கல் ஏ.எல்.லா, லண்டன் ஏ.எல்.லா? தரம் 9 முடியுமுன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் பிள்ளை தரம் 8, 9க்கு வந்ததும் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பெரியப்பாவின் மகன் லண்டன் ஏ.எல். எடுத்து மான்செஸ்டர் போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளை லோக்கலில் மூன்று ஏ எடுத்து மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். "எது நல்லது?" என்று எல்லாரிடமும் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளை போன வழியைத்தான் சொல்வார்கள்.

கொழும்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கணிதம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என்னிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். எது கடினம், எது தரமானது என்று தொடங்கினால் இந்தக் கேள்விக்கு விடை வராது. பட்டப்படிப்பை எங்கே படிக்கப் போகிறார், அதற்கு யார் காசு கட்டப் போகிறார் என்ற இரண்டையும் முதலில் எடுங்கள். பரீட்சையைத் தெரிவுசெய்வது அதற்குப் பிறகு எளிது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களையும், குடும்பத்தில் முதன்முதலாக இந்தத் தெரிவைச் சந்திப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைச் சரியாக விளங்கிக்கொள்வோம்

லோக்கல் என்று நாம் சொல்வது பரீட்சைத் திணைக்களம் நடத்தும் க.பொ.த. சாதாரண தரமும் (ஓ.எல்.) உயர்தரமும் (ஏ.எல்.). சாதாரண தரம் தரம் 11இல், உயர்தரம் தரம் 13இல். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிமூலங்களிலும் எழுதலாம்.

லண்டன் என்று சொல்வதற்குள் இரண்டு வேறு பரீட்சைச் சபைகள் இருக்கின்றன. ஒன்று எடெக்செல். இது இப்போது பியர்சன் நிறுவனத்தின் கையில். மற்றது கேம்பிரிட்ஜ். வீட்டில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலும், பாடசாலையில் இடம் எடுக்கும்போது எந்தச் சபை என்று கேட்டேயாக வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கல்வி அமைச்சின் பாடசாலைப் பட்டியலில் அவை இல்லை. ஆகவே ஒரு சர்வதேசப் பாடசாலை "எங்களிடம் லோக்கல் சிலபஸ் வகுப்பும் இருக்கிறது" என்று சொன்னால், உங்கள் பிள்ளை அந்தப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப் போகிறார் என்று அர்த்தம். அதில் குற்றமில்லை. ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதியைப் பார்ப்பது உங்கள் பொறுப்பாகிவிடும்.

படி 1: அரச பல்கலைக்கழகம் உங்கள் கணக்கில் இருக்கிறதா?

இதுதான் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி. இதில் சற்று நேரம் செலவழியுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிக்கப் படிப்புக் கட்டணம் இல்லை. மருத்துவமோ பொறியியலோ, அதுதான் நிலை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் நீட்சி அது. ஆனால் அந்த வாசலுக்கு வழி லோக்கல் ஏ.எல். ஒன்றுதான். இலங்கையிலேயே இருந்து லண்டன் ஏ.எல். எழுதி மூன்று பாடத்திலும் ஏ ஸ்டார் எடுத்தாலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழமையான தெரிவுக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். வெளிநாட்டில் வாழ்ந்து அங்கே பரீட்சை எழுதியவர்களுக்கென்று சிறிய தனி ஒதுக்கீடு இருக்கிறது. கொழும்பில் சர்வதேசப் பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அது பொருந்தாது. இதைத் தெரியாமல் தரம் 12 வரை வந்துவிட்டு, "இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளி) எப்போது வரும்?" என்று கேட்கும் பெற்றோர் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

சரி, லோக்கல் ஏ.எல். எழுதினால் இடம் நிச்சயமா? இல்லை. விண்ணப்பிக்க ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தி (எஸ்) வேண்டும். எல்லாரும் எழுதும் பொதுத் தாளில் 30 புள்ளி வேண்டும். இந்தத் தகுதியைப் பெறுகிறவர்கள் மிகப் பலர். ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்ளப்படுவது 40,000 சொச்சம் பேர்தான். தகுதி பெற்றவர்களில் பெரும்பாலானோர் வெளியே நிற்கிறார்கள்.

யார் உள்ளே என்பதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். அதாவது நீங்கள் நன்றாக எழுதியது மட்டும் போதாது, மற்றவர்களை விட நன்றாக எழுதியிருக்க வேண்டும். மூன்று ஏ எடுத்தும் விரும்பிய கற்கைநெறி கிடைக்காமல் போவது இதனால்தான்.

அதற்கு மேல் மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே கற்கைநெறிக்குக் கொழும்பின் வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளி) ஒன்று, முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி வேறொன்று. உங்கள் மாவட்டம் எது என்பதற்குப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். "நல்ல ரியூசனுக்காக" தரம் 11இல் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு மாற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. (எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளியை மாற்றிய தரப்படுத்தலை அனுபவித்த தாத்தாமார் இந்த இடத்தில் கோபப்படுவார்கள். கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இன்றைய விதி இன்றைய கைந்நூலில் இருக்கிறது, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.)

ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் வருகிறது. முந்திய ஆண்டுகளின் மாவட்ட வெட்டுப்புள்ளிகளை இணையத்தில் பார்க்கலாம். பிள்ளை விரும்பும் கற்கைநெறியையும் உங்கள் மாவட்டத்தையும் எடுத்து, மூன்று நான்கு ஆண்டு வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உறவினர்களிடம் கேட்பதை விட இது பயன் தரும்.

படி 2: அரச இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

லோக்கல் பக்கம் போகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடக் கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல்.லை அதிகபட்சம் மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் மூன்று பாடத்தையும் சேர்த்து எழுத வேண்டும். பரீட்சை ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஒருமுறையும் அண்மைக் காலத்தில் நிலையாக இல்லை. 2022க்குரிய ஏ.எல். 2023 ஜனவரியில் தொடங்கியது. 2023க்குரியது 2024 ஜனவரியில். 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சை புயலால் இடையில் நின்றது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழகத் தொடக்கம் என்று பார்த்தால் பிள்ளை வீட்டில் இருக்கும் காலம் நீண்டுவிடுகிறது.

ஆனாலும் லோக்கல் ஏ.எல். வீணாகாது. எஸ்.எல்.ஐ.ஐ.டி., வெஸ்ட்மின்ஸ்டர் பட்டம் தரும் ஐ.ஐ.டி., என்.எஸ்.பி.எம். போன்ற கட்டணப் பட்டப்படிப்பு நிறுவனங்கள் லோக்கல், லண்டன் இரண்டையும் ஏற்கின்றன. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அரசு சாரா நிறுவனங்களில் படிப்பதற்கென்று வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கும் தகுதி லோக்கல் ஏ.எல். பெறுபேறுதான். பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பலவும் இலங்கை ஏ.எல்.லை நேரடியாக ஏற்கின்றன. பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் நாடுவாரியான நுழைவுத் தகுதிப் பக்கத்தில் இலங்கையைத் தட்டிப் பாருங்கள், எத்தனை ஏ, எத்தனை பி என்று எழுதியிருப்பார்கள். "லோக்கல் எழுதினால் வெளிநாடு போக முடியாது" என்பது பாடசாலை விற்பனைப் பேச்சு. தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலப் பரீட்சை ஒன்று கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: லண்டன் ஏ.எல். எப்படி இயங்குகிறது?

எடெக்செல் சர்வதேச ஏ.எல். யூனிட் யூனிட்டாகப் பிரிந்தது. கணிதத்துக்கும் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலுக்கும் ஆறு யூனிட், மொத்தம் 600 புள்ளி. 480 எடுத்தால் ஏ. ஏ ஸ்டாருக்கு அந்த 480ஓடு இரண்டாம் ஆண்டு யூனிட்டுகளில் 90 வீதமும் வேண்டும். ஜனவரி, மே-ஜூன், ஒக்டோபர் என ஆண்டில் மூன்று பருவங்கள். ஒக்டோபரில் எல்லா யூனிட்டும் நடப்பதில்லை. ஒரு யூனிட் சரியில்லை என்றால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், கூடிய புள்ளியை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு.

கேம்பிரிட்ஜ் அப்படியல்ல. மே-ஜூன், ஒக்டோபர்-நவம்பர் என்று இரண்டு பருவங்கள். ஏ.எஸ்.ஸை (ஏ.எல்.லின் முதல் பாதி) முதலில் எழுதி, 13 மாதத்துக்குள் மீதியை எழுதி முழு ஏ.எல். ஆக்கலாம். யூனிட் ஒன்றை மட்டும் தனியே திருத்திக்கொள்ளும் வசதி இங்கே இல்லை.

விஞ்ஞானம் எடுக்கிற பிள்ளை என்றால் இன்னொரு வேறுபாடு. கேம்பிரிட்ஜ் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலில் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து செய்முறைப் பரீட்சை எழுத வேண்டும். எடெக்செல்லில் செய்முறைத் திறனை எழுத்துத் தாளில்தான் சோதிக்கிறார்கள். ஆய்வுகூடம் என்று இரண்டு பர்னரும் ஒரு எலும்புக்கூடும் வைத்திருக்கும் பாடசாலை எடெக்செல்லைத் தெரிந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். லோக்கல் இணைந்த கணிதத்தில் மூன்று மணித்தியாலத் தாள்கள் இரண்டு. முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். பகுதி ஏயில் பத்துச் சிறு வினாக்கள், பகுதி பியில் ஏழில் ஐந்து. கல்குலேட்டர் கிடையாது. ஒரே வினாவில் சார்பும் வகையீடும் வரைபும் சேர்ந்து வரும். இரண்டரை ஆண்டு படித்ததை ஒரே கிழமையில் கொட்ட வேண்டும். லண்டனில் பி1 என்ற யூனிட் ஒன்றரை மணித்தியாலம், 75 புள்ளி. கல்குலேட்டர் மேசையில் இருக்கும், வினா படிப்படியாகக் கையைப் பிடித்துக் கொண்டுபோகும். லோக்கல் பிள்ளை லண்டன் தாளை முதலில் பார்க்கும்போது சிரிப்பான். சிரித்துவிட்டு ஏ ஸ்டார் எல்லையில் இரண்டு புள்ளியால் வழுக்குவான். அங்கே சிறு பிழைக்கு இடமில்லை. இங்கே நூற்றுக்கு எழுபது எடுத்தாலே மேலே நிற்கலாம். ஆகவே "லண்டன் சுகம்" என்பது பாதி உண்மை. ஆழமாக யோசிக்கப் பிடித்த, ஆனால் ஒரு பெரிய பரீட்சையில் பதறிப்போகிற பிள்ளைக்கு யூனிட் முறை உண்மையில் நல்லது. போட்டியில் சூடேறுகிற பிள்ளை லோக்கலில் மலர்வான். பிள்ளையின் சுபாவத்தைப் பற்றி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

படி 4: காசுக் கணக்கு

பாடசாலைக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லண்டன் வழியில் அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், அதற்கு மேல் ரியூசன். ஆம், சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளும் ரியூசனுக்குப் போகிறார்கள். ரியூசன் மாத்திரம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

பரீட்சைக் கட்டணம் பவுணைத் தொட்டுக்கொண்டு நிற்பது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது பவுணும் கூடவே ஏறியது. லண்டன் ஏ.எல்.லுக்கு நடுவில் நின்ற குடும்பங்கள் திண்டாடின. உங்கள் வருமானம் ரூபாயில் என்றால், இன்றைய கட்டணத்தின் ஒன்றரை மடங்கைத் தாங்க முடியுமா என்று போட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கணக்கு ஏ.எல்.லுக்குப் பிறகு வருகிறது. லண்டன் வழியில் போனால் மூன்று, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கும் காசு கட்டியே ஆக வேண்டும், உள்ளூர்த் தனியார் நிறுவனம் என்றாலும் சரி, வெளிநாடு என்றாலும் சரி. அந்தக் காசு கண்ணுக்குத் தெரிந்தால் லண்டன் நல்ல தெரிவு. "அப்புறம் பார்க்கலாம், புலமைப்பரிசில் கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் மட்டும் லண்டன் சேர்க்கிறீர்கள் என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

படி 5: எங்கே மாறலாம், எங்கே மாற முடியாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். இது ஒருவழிப் பாதை. லோக்கல் ஓ.எல். எழுதிவிட்டு லண்டன் ஏ.எல்.லுக்கு மாறுவது சாதாரணமாக நடக்கிறது, சர்வதேசப் பாடசாலைகள் சந்தோஷமாக எடுப்பார்கள். ஆங்கிலம் முதல் ஆறு மாதம் உதைக்கும், பிறகு சரியாகிவிடும். லண்டன் ஓ.எல். எழுதிவிட்டு லோக்கல் ஏ.எல்.லுக்கு வருவது மிகவும் கடினம். அரச பாடசாலையின் தரம் 12இல் இடம் கிடைப்பது அரிது, ரியூசனை நம்பித் தனிப்பட்ட முறையில் எழுத வேண்டிவரும், பாடவிதானத்தின் அடித்தளமும் வேறு. அரச வேலைக்கும் லோக்கல் ஓ.எல். உதவும், விளம்பரங்களைப் பாருங்கள். பலவற்றில் சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடச் சித்தி கேட்டிருப்பார்கள்.

ஆகவே வெளிநாட்டுப் படிப்பும் அதற்கான காசும் உறுதியாக இல்லாத வீட்டில், பிள்ளை லோக்கல் ஓ.எல்.லை எழுதட்டும். ஒன்பது பாடம், அதில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு கட்டாயம். ஏ.எல். எங்கே என்பதைப் பெறுபேறு வந்த பிறகு முடிவெடுக்கலாம். இடையில் இருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. கனடாவிலோ சுவிஸிலோ பிறந்து, பத்து வயதுக்கு மேல் இங்கே வந்த பிள்ளை. பேச்சுத் தமிழ் நன்றாக இருக்கும். ஆனால் சாதாரண தரத்துத் தமிழ்மொழியும் இலக்கியமும் தாளில் கட்டுரை எழுதச் சொன்னால் திணறிப்போவார். அந்தப் பிள்ளையை இரண்டு ஆண்டில் லோக்கலுக்குள் திணிப்பது வதை. லண்டன் பக்கம்தான் பொருத்தம். ஆனால் பாடசாலையில் தமிழ் ஒரு பாடமாக உண்டா என்று கேட்டுச் சேருங்கள்.

இரண்டு ஏ.எல்.லையும் ஒன்றாக எழுதலாமா என்று கேட்பார்கள். வர்த்தகப் பிரிவில், ஆங்கில மொழிமூலத்தில் சிலர் செய்கிறார்கள். கணக்கீடும் பொருளியலும் ஓரளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகும். கணித, உயிரியல் பிரிவில் நான் யாரையும் ஊக்குவிக்கமாட்டேன்.

மருத்துவக் கனவு இருந்தால் தனியாக ஒரு சொல். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்து இங்கே தொழில் செய்ய வேண்டுமானால், இலங்கை மருத்துவ சபை ஏற்ற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும், ஈ.ஆர்.பி.எம். என்ற பதிவுப் பரீட்சை எழுத வேண்டும், ஏ.எல்.லில் சபை கேட்கும் பாடங்களில் சபை கேட்கும் தரத்தில் சித்தி இருக்க வேண்டும். லண்டன் ஏ.எல்.லில் பௌதிகவியலை விட்டுவிட்டுக் கணிதம் எடுத்தாலும் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும். சபையின் விதியைப் பார்க்காமல் அந்த வசதியை மட்டும் பார்த்துப் பாடம் தெரிவுசெய்தால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

படி 6: பாடசாலையில் கேட்க வேண்டியவை

விளம்பரப் பதாகையில் "அகில உலகில் முதலிடம்" என்று இருக்கும். அதை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் தரம் 12இல் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாடசாலை ஊடாகப் பரீட்சை எழுதினார்கள்? இரண்டு எண்ணுக்கும் பெரிய இடைவெளி என்றால், பலவீனமான பிள்ளைகளைத் தனியாக எழுத அனுப்பிவிட்டுப் பெறுபேற்றை அழகாக்குகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பௌதிகவியல் ஆசிரியர் முழுநேரமா, ரியூசனுக்கு நடுவில் வந்து போகிறவரா? பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எதிர்பார்க்கும் பெறுபேற்றை யார் எழுதித் தருவார்? ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒக்டோபர் 15உடன் விண்ணப்பம் முடிகிறது. அந்தத் திகதி தெரியாத பாடசாலை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

லோக்கல் பாடசாலையிலும் கேட்க வேண்டும். நீங்கள் விரும்பும் பிரிவு அங்கே இருக்கிறதா, இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆங்கில மொழிமூலம் உண்டா என்று.

கடைசியாகப் பெயர் விஷயம்

சின்ன விஷயம், ஆனால் பின்னால் அலைய வைப்பது. நம் பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவேட்டில் முதலெழுத்தோடு இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து வேறு மாதிரி இருக்கும். லண்டன் சபைகள் பதியும்போது கொடுத்த பெயரையே சான்றிதழில் அச்சடிக்கும். பிறகு திருத்துவதற்குக் காசும் காலமும் போகும். எந்தப் பரீட்சையாக இருந்தாலும் முதல் விண்ணப்பத்தை நிரப்புமுன் கடவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிள்ளை தரம் 9இல் இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்த விண்ணப்பியுங்கள்.